பேங்க் போன எடுக்காது, திருடன் மொத ரிங்லயே எடுப்பான்: துட்டு போனா என்ன செய்யணும், போகாம இருக்க என்ன செய்யணும் (முழு வழிகாட்டி)

அம்பாசமுத்திரத்துல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். போர்டுல ஜெராக்ஸ்னு இருக்கே தவிர, வாரவங்கள்ல பாதிப் பேரு பாஸ்புக்க தூக்கிட்டுதான் வாராங்க, "தம்பி இதுல ஏன் 236 ரூவா புடிச்சிருக்கான், இந்த மெசேஜு என்ன சொல்லுது, இந்த லிங்க அமுக்கலாமா கூடாதா"ன்னு. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் ஒரேடியா எழுதி வச்சிருவோம்னு உக்காந்துட்டேன். நீளமாத்தான் போவும். இப்பதான் துட்டு போச்சு, கையி நடுங்குதுன்னா கதைய விட்டுட்டு நேரா "துட்டு போயிருச்சா"ங்குற எடத்துக்குப் போயிருங்க, கதைய அப்புறமா வந்து படிச்சுக்கிடலாம்.

பெரியம்ம கத

ஆத்துக்கு இந்தப் பக்கம் அம்பை, அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி. அங்கதான் எங்க பெரியம்ம இருக்காவ, அப்பளம் போட்டு கடைகளுக்குக் குடுப்பாவ. ஒரு நா சாயங்காலம் ஏடிஎம்ல 5,000 ரூவா எடுக்கப் போயிருக்காவ. உள்ள கடகடன்னு எண்ணுன சத்தம் கேட்டிருக்கு, துட்டு வெளிய வரல, ஆனா 5,000 கழிஞ்சுதுன்னு மெசேஜ் மட்டும் கரெக்டா வந்துட்டு. மறுநா பிராஞ்சுக்குப் போனா கவுண்டர்ல இருந்த பையன் கம்ப்யூட்டர விட்டு கண்ண எடுக்காம "கஸ்டமர் கேர்ல பேசுங்க"ன்னுட்டான். பாவம் அவனும் வெளி மாநிலம், தமிழு தட்டுத்தடுமாறிதான் வருது, வரிசையில நாப்பது பேரு நிக்காங்க, அவனக் குத்தம் சொல்லி என்ன செய்ய. கஸ்டமர் கேர்ல தமிழுக்கு ஒண்ண அமுக்கு, ஏடிஎம்முக்கு மூண அமுக்குன்னு எல்லாத்தையும் அமுக்கி முடிச்சா பாட்டு போட்டு விட்டுட்டான். இருபது நிமிசம் பாட்டு, பொறவு தன்னால கட்டாயிருச்சு. இப்பிடி மூணு தடவ.

நாலாவது தடவ பெரியம்ம கூகுள்ல பேங்க் பேரப் போட்டு கஸ்டமர் கேர் நம்பர்னு தேடியிருக்காவ. மேல வந்த நம்பருக்கு அடிச்சா மொத ரிங்லயே எடுத்தான். நல்ல தமிழு. "வணக்கம்மா, உங்க கஷ்டம் புரியுதும்மா, பத்து நிமிசத்துல ரீஃபண்ட் போட்டுரலாம்மா." பெரியம்ம பொறவு எங்கிட்ட சொன்னது இன்னும் காதுலயே கெடக்கு: "முப்பது வருசமா அந்த பேங்க்ல கணக்கு வச்சிருக்கேம்ல, ஒருத்தனும் என்ன அம்மான்னு கூப்ட்டதில்ல, இவன் கூப்ட்டான், நம்பிட்டேன்."

ஒரு ஆப் ஏத்தச் சொன்னான், அது ஸ்க்ரீன ஷேர் பண்ணுத ஆப்பு. பெரியம்ம கையில உளுந்துமாவு காஞ்சு ஒட்டியிருந்ததால கைரேக லாக்கு தொறக்கவே இல்லயாம், சேலையில தொடச்சுத் தொடச்சு மூணாவது தடவதான் தொறந்திருக்கு, "அப்பமே முப்பிடாதி அம்மன் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கா, எனக்குத்தான் வெளங்கல"ன்னு இப்ப சொல்லுதாவ. ரீஃபண்ட் வாங்குததுக்கு யுபிஐ பின்ன போடுங்கம்மான்னான். போட்டாவ. 19,000. அது வரல, இன்னொரு தடவ போடுங்கம்மான்னான். இன்னொரு 19,000. மொத்தம் 38,000 போச்சு, எடுக்கப் போன 5,000-மும் இன்னும் வரல.

இதுக்கு அப்புறந்தான் எனக்கு ஒரு விசயம் உறைச்சுது. பேங்க் சேவை மோசங்குறத ஒரு பிரச்சனையாவும் ஆன்லைன் திருட்டுங்குறத இன்னொரு பிரச்சனையாவும் எல்லாரும் தனித்தனியா பேசுதாங்க, ரெண்டும் ஒரே ஓட்டைதான். பிராஞ்சுல ஒரு பதிலு கிடைச்சிருந்தா பெரியம்ம கூகுள்ல போயி தேடியிருக்க மாட்டாவ. திருடன் உக்காந்திருக்குறது பேங்க் போன எடுக்காத அந்த இடத்துலதான். அதனால இந்த வழிகாட்டில ரெண்டையும் சேத்துதான் எழுதுதேன்.

துட்டு போயிருச்சா? மொத ஒரு மணி நேரம்

மொதல்ல அந்த போன்ல இன்டர்நெட்ட ஆஃப் பண்ணுங்க. ஸ்க்ரீன் ஷேர் ஆப் ஏத்தியிருந்தா அவன் இன்னும் பாத்துக்கிட்டுதான் இருப்பான், நீங்க பேலன்ஸ் பாக்குறது அவனுக்கும் தெரியும். திட்டணும்னு அவனுக்கு திருப்பி போன் போடாதீங்க, அதுல அஞ்சு நிமிசம் வீணாப் போவும், அவன் அதத்தான் எதிர்பாக்கான்.

அடுத்த போன்ல இருந்து 1930. இது தேசிய சைபர் கிரைம் ஹெல்ப்லைன், நாடு பூரா ஒரே நம்பரு. முந்தி 155260-ன்னு இருந்துச்சு, பொறவு மாத்துனாங்க. ஏன் பேங்குக்கு முன்னாடி இங்க அடிக்கச் சொல்லுதேன்னா, திருடன் உங்க துட்ட ஒரே கணக்குல வச்சிருக்க மாட்டான், ஒரு கணக்குல இருந்து நாலு கணக்கு, அதுல இருந்து பத்துன்னு பிரிச்சுக்கிட்டே போவான், கடைசியில எவனோ ஒருத்தன் ஏடிஎம்ல எடுத்துருவான். 1930-ல பதிவு பண்ணுனா அது அந்தந்த பேங்குகளுக்கு ஒண்ணு பின்னாடி ஒண்ணா போயி, துட்டு எந்தக் கணக்குல நிக்குதோ அங்கயே நிறுத்தி வைப்பாங்க. எடுத்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது. அதனால நேரந்தான் எல்லாமே. பெரியம்ம என் கடைக்கு ஓடி வந்தப்ப நாப்பது நிமிசம் ஆயிருந்துச்சு, ரெண்டாவது 19,000 அப்பிடியே நின்னுட்டு, மொத 19,000-ல 2,500 மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு.

அவங்க கேக்குறது இதெல்லாம், ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டு பேசுங்க: உங்க பேரு, ஊரு, போன் நம்பரு, பேங்க், கணக்கு எண், எவ்வளவு போச்சு, எத்தன மணிக்கு, அப்புறம் முக்கியமா டிரான்சாக்ஷன் நம்பரு. யுபிஐ-ன்னா அது 12 இலக்க நம்பரு, ஆப்ல அந்த பேமெண்ட்டத் தொட்டா உள்ள இருக்கும். ரெண்டு தடவ போயிருந்தா ரெண்டு நம்பரும் தனித்தனியா குடுக்கணும், ஒண்ணக் குடுத்துட்டு இன்னொண்ண விட்டுட்டா அது கணக்குலயே வராது. லைன் கிடைக்கலன்னா சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்-ல நீங்களே பதியலாம். போன்ல சொல்லி முடிச்சதும் ஒரு பதிவு எண் மெசேஜ்ல வரும், 24 மணி நேரத்துக்குள்ள அந்த எண்ண வச்சு வெப்சைட்ல போயி முழு புகாரையும் முடிச்சுருங்க. நெறையப் பேரு "1930-ல சொல்லிட்டேம்லா"ன்னு இத விட்டுருதாங்க.

அது முடிஞ்ச கையோட பேங்க். ஏடிஎம் கார்டுக்குப் பின்னாடி இருக்குத நம்பரு, இல்லன்னா பேங்க் ஆப்லயே பிளாக் பண்ணுத ஆப்ஷன் இருக்கும். யுபிஐ, நெட்பேங்கிங், கார்டு மூணையும் நிறுத்தச் சொல்லுங்க. கார்ட மட்டும் நிறுத்திட்டு வந்துருதாங்க, துட்டு போனது யுபிஐ-ல, கார்ட நிறுத்தி என்ன பிரயோசனம். பேசி முடிக்கும்போது புகார் எண் கேளுங்க. "பதிவு பண்ணிட்டோம் சார்"ன்னு வாய்ல சொன்னா பத்தாது, நம்பரு வேணும். நம்பரு இல்லாத புகாரு நம்ம ஊரு மொட்டக் கடுதாசி மாதிரி, எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்.

போன ரீசெட் பண்ணி அழிச்சுராதீங்க. பயத்துல பையன்கிட்டக் குடுத்து எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிருதாங்க, அதோட சாட்சியும் போயிருது. கால் லிஸ்ட், வாட்சப் சாட், மெசேஜ் எல்லாத்தையும் இன்னொரு போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அந்த ஆப்ப மட்டும் எடுங்க. அப்புறம் ரெண்டு நாள்ல ஸ்டேஷனுக்கு ஒரு நட போங்க, திருநெல்வேலி சிட்டிக்குள்ள இருந்தா மாநகர போலீஸோட சைபர் கிரைம், நம்மள மாதிரி வெளிய இருந்தா மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன். ஸ்டேட்மெண்ட், ஆதார் ஜெராக்ஸ், அந்தப் பதிவு எண் மூணும் கையில இருக்கட்டும். நிறுத்தி வச்ச துட்டு தானா உங்க கணக்குக்கு வந்துரும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. பெரியம்மைக்கு கோர்ட்ல மனு போட்டு ஆர்டர் வாங்குன பொறவுதான் 21,500 திரும்பி வந்துச்சு, ஸ்டேஷன்லயே எப்பிடி மனு போடணும்னு சொல்லிக் குடுத்தாவ, அவியளக் கொற சொல்ல மாட்டேன்.

யாரு பொறுப்பு? சட்டம் என்ன சொல்லுது

இது கொஞ்சம் பொறுமையா படிக்க வேண்டிய எடம். 2017 ஜூலை 6-ந்தேதி ரிசர்வ் பேங்க் ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. நாம அனுமதிக்காம நம்ம கணக்குல இருந்து துட்டு போனா யாரு தலையில விழும்னு அதுல தெளிவா இருக்கு, ஆனா எந்த பிராஞ்சுலயும் நீங்க கேக்காம இதச் சொல்ல மாட்டாங்க.

தப்பு பேங்க் பக்கம்னா நீங்க புகார் குடுத்தாலும் குடுக்காட்டியும் நட்டம் பேங்கோடது. தப்பு பேங்க்கோடதும் இல்ல, ஒங்களோடதும் இல்ல, நடுவுல எவனோ பண்ணிட்டான், உதாரணத்துக்கு கார்டு உங்க பையிலயே இருக்கு ஆனா வேற எங்கயோ துட்டு எடுத்திருக்கான்னு வைங்க. பேங்க்ல இருந்து தகவல் வந்ததுல இருந்து 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்களுக்கு ஒத்த ரூவா நட்டம் கிடையாது. மெசேஜ் வந்த நாள இதுல சேக்கக் கூடாது, பிராஞ்சு லீவு நாளும் சேராது. 4-ல இருந்து 7 வேலை நாளுக்குள்ள சொன்னா சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 வரைக்கும் உங்க பொறுப்பு, குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்குக்கு 5,000 வரைக்கும். ஏழு நாளும் தாண்டிட்டா பேங்க் என்ன கொள்க வச்சிருக்கோ அதுதான். நீங்க சொன்னதுல இருந்து 10 வேலை நாளுக்குள்ள போன தொகைய கணக்குல காட்டணும், 90 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். தப்பு வாடிக்கையாளரோடதுன்னு நிரூபிக்க வேண்டியது பேங்க் வேல, நம்ம வேல இல்ல.

இப்ப கசப்பான விசயம். ஓடிபிய சொன்னது, பின்ன போட்டது நீங்கன்னா அது உங்க அஜாக்கிரதன்னு எடுத்துக்கிடுவாங்க, பேங்குக்குச் சொல்லுத வரைக்கும் போன துட்டு உங்க நட்டம். ஆனா சொன்ன நிமிசத்துக்குப் பொறவு போறது பேங்க் நட்டம். இதுக்காகத்தான் அந்தப் புகார் எண்ணும் நேரமும் வேணுங்குறேன். பெரியம்ம கேஸு இந்த வகைதான், பின்ன அவியதான போட்டாவ. பேங்க்ல போயி 38,000 குடுன்னு சண்ட போட்டு பிரயோசனம் இல்லன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் 1930 பக்கமே நின்னோம். எந்த சண்ட ஜெயிக்கும் எது ஜெயிக்காதுன்னு மொதல்லயே தெரிஞ்சுக்கிட்டா பாதி அலைச்சல் மிச்சம்.

அந்த 5,000 என்னாச்சு? இதுதான் ஜெயிக்குத சண்ட

ஏடிஎம்ல துட்டு வராம கணக்குல கழிஞ்சா 5 நாளுக்குள்ள தன்னால திரும்பணும். 2019 செப்டம்பர் 20-ல ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவு. அஞ்சு நாள் தாண்டிட்டா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூவா பேங்க் உங்களுக்குக் குடுக்கணும், அதுவும் நீங்க கேக்காமலே. யுபிஐ-ல ஆளுக்கு அனுப்பி, இங்க கழிஞ்சு அங்க ஏறலன்னா மறுநாளுக்குள்ள திரும்பணும், கடைக்கு ஸ்கேன் பண்ணி கழிஞ்சு அவருக்கு வரலன்னா 5 நாளு, தாண்டுனா இதுக்கும் அதே 100 ரூவா. வேற பேங்க் ஏடிஎம்ல எடுத்திருந்தாலும் புகார் குடுக்க வேண்டியது உங்க பேங்க்லதான், "அது அவங்க மெஷினு, அங்க போங்க"ன்னு வெரட்டுனா நம்பாதீங்க.

எனக்குத் தெரிஞ்சு வேல செய்யுத ஒரே வழி காயிதம். நான் பெரியம்மைக்கு எழுதிக் குடுத்தத அப்பிடியே போடுதேன், பேர மாத்தி எழுதிக்கோங்க:

"மேலாளர் அவர்களுக்கு, என் சேமிப்புக் கணக்கு எண் (முழுசா எழுதவும்). இன்ன தேதி மாலை 6.10 மணிக்கு இன்ன இடத்து ஏடிஎம்மில் 5,000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை. கணக்கில் கழிக்கப்பட்டுள்ளது. குறுஞ்செய்தி நகல் இணைத்துள்ளேன். 20.09.2019 தேதியிட்ட ரிசர்வ் வங்கி உத்தரவின்படி ஐந்து நாட்களுக்குள் தொகையையும், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாயையும் என் கணக்கில் வரவு வைக்கக் கோருகிறேன். இந்தக் கடிதம் பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரையும் தேதியும் இட்டுத் தரவும்."

அவ்வளவுதான். கோவம், சாபம், "நான் யாருன்னு தெரியுமா" எதுவும் வேண்டாம். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணுல சீல். ஏடிஎம் சீட்டு வந்திருந்தா ஒடனே போட்டோ எடுத்துருங்க, அந்த மை ரெண்டு மாசத்துல வெளுத்து வெறுந்தாளாயிரும், என் கடைக்கு எத்தன பேரு வெள்ளத் தாள தூக்கிட்டு வந்து ஜெராக்ஸ் போடச் சொல்லியிருக்காங்க தெரியுமா. சீல் போட மாட்டேன்னு சொன்னா வாக்குவாதம் பண்ணாதீங்க, நேரா போஸ்ட் ஆபீஸ் போயி ஸ்பீடு போஸ்ட்ல அதே பிராஞ்சுக்கு அனுப்புங்க, ரசீது பத்திரம். கூடவே பேங்க்கோட குறைதீர்க்கும் அதிகாரிக்கு மெயில். அவரு பேரும் நம்பரும் பிராஞ்சு சுவத்துல ஒரு போர்டுல இருக்கும், எங்க பிராஞ்சுல காலண்டருக்குப் பின்னாடி இருந்துச்சு, நாந்தான் தூக்கிப் பாத்தேன்.

நாங்க காயிதம் குடுத்தப்ப அந்த மேனேஜர் அத ரெண்டு தடவ படிச்சாரு. அந்த 2019 தேதியப் பாத்ததும் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "இது யாரு எழுதிக் குடுத்தா"ன்னாரு. பெரியம்ம என்னக் கையக் காட்டிட்டாவ.

30 நாளாச்சு, பதிலு இல்ல

அப்பன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன், அதாவது பேங்குக மேல வார புகார விசாரிக்குத அதிகாரி. 2021 நவம்பர் 12-ல இருந்து நாடு பூராவுக்கும் ஒரே திட்டமா ஆக்கிட்டாங்க. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஆர்க் டாட் இன்-ல ஆன்லைன்ல போடலாம், ஆன்லைன் வராதுன்னா சண்டிகர்ல இருக்குத ரிசர்வ் பேங்க் மையத்துக்கு தபால்லயும் அனுப்பலாம், சந்தேகம் கேக்க 14448, தமிழ்ல பேசுதாங்க. காசு கிடையாது. வக்கீல் வேண்டாம், வக்கீல் மூலமா போட்டா எடுத்துக்கிடவே மாட்டாங்க.

இதுல முக்காவாசி புகாரு எப்பிடி அடிபடும்னா, நேரா அங்க போட்டுருதாங்க. மொதல்ல பேங்குக்கு எழுத்துல குடுத்திருக்கணும், ஒண்ணு அவங்க பதிலு திருப்தியா இருந்திருக்கக் கூடாது, இல்லன்னா 30 நாள் பதிலே வந்திருக்கக் கூடாது. அதுக்குத்தான் அந்த சீலு. இதே விசயத்துக்கு கோர்ட்டுல கேஸ் நடந்தாலும் எடுக்க மாட்டாங்க. ரொம்ப நாள் ஊறப்போடாம 31-வது நாளே போட்டுருங்க. இன்னொண்ணு, ஊர்ல சொசைட்டின்னு சொல்லுதோம்லா, தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கம், அது இதுல வராது, அதுக்கு கூட்டுறவு இணைப்பதிவாளர் ஆபீஸ்தான்.

கணக்கு முடங்கிப் போச்சா

இது இப்ப புதுத் தலவலி. எங்க அத்தான் களக்காட்டுல வாழத்தார் ஏவாரம். யாரோ ஒருத்தன் வந்து தார் எடுத்துட்டு 6,400 ரூவா ஜிபேல போட்டிருக்கான். ஒன்ற மாசம் கழிச்சு அத்தானோட கணக்கே முடங்கிருச்சு, லோடு ஏத்துத கூலிக்கு துட்டு எடுக்க முடியல. பிராஞ்சுல கேட்டா "சைபர் கிரைம்ல இருந்து வந்திருக்கு, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது". என்ன நடந்திருக்குன்னா, அந்த 6,400 எங்கயோ வடக்க ஒருத்தர்கிட்ட திருடுன துட்டு, கை மாறிக் கை மாறி அத்தான்ட்ட வந்திருக்கு. மேல 1930 பத்திச் சொன்னம்லா, அதே ஏற்பாடுதான் இங்க அப்பாவியையும் புடிச்சுக்கிட்டு.

"ஒண்ணும் தெரியாது"ங்குறத ஒத்துக்கிடாதீங்க. பேங்க்ல எழுதிக் கேளுங்க: எந்த மாநிலம், எந்த ஸ்டேஷன், புகார் பதிவு எண் என்ன, பிரச்சனைக்குரிய தொகை எவ்வளவு. இந்த நாலும் பேங்க்ல இருக்கும். அத வாங்கிக்கிட்டு அந்த ஸ்டேஷனுக்கு மெயில் போடுங்க, பில்லு, அன்னைக்கு லோடு ஏத்துன ரசீது, உங்க ஆதார், பாஸ்புக் பக்கம் எல்லாம் சேத்து. அத்தான்ட்ட பில்லு இல்ல, துண்டுச் சீட்டுல "37 தாரு"ன்னு எழுதி வச்சிருந்தாரு, அதத்தான் ஸ்கேன் பண்ணி அனுப்புனோம், அதுவும் உதவுச்சு. அதே சமயத்துல பேங்குக்கு இன்னொரு காயிதம், "தகராறுல இருக்குத 6,400-ஐ மட்டும் நிறுத்தி வச்சுக்கிட்டு மிச்சத்த விடுங்க"ன்னு. மெட்ராஸ் ஹைகோர்ட் 2024-ல ஒரு வழக்குல இதே மாதிரிதான் சொல்லுச்சு, சந்தேகத் தொகைய மட்டும் நிறுத்தலாம், மொத்தக் கணக்கையும் கட்டிப் போடக் கூடாதுன்னு. அந்த ஸ்டேஷன்ல இருந்துன்னு சொல்லி எவனாவது "பத்தாயிரம் போடு, விட்டுருதேன்"னு போன் பண்ணுனா அது அடுத்த திருடன், அதையும் சொல்லிருதேன்.

ஏவாரம் பண்ணுதவங்க எல்லாரும் யுபிஐ-க்கு தனியா ஒரு கணக்கு வச்சுக்கோங்க, ராத்திரி கடை அடைக்கும்போது அதுல இருக்குதத வீட்டுக் கணக்குக்கு மாத்திருங்க. முடங்குனாலும் பெரும்பாலும் ஒரு நா வரும்படியோட போவும்.

போகாம இருக்க: இன்னைக்கே ஒரு அர மணி நேரம் உக்காந்து செஞ்சுருங்க

கார்டுக்குப் பின்னாடி இருக்குத கஸ்டமர் கேர் நம்பர போன்ல பேங்க் பேருல சேவ் பண்ணுங்க, வீட்டுல பெரியவங்க போன்லயும் நீங்களே சேவ் பண்ணிக் குடுங்க. கூகுள்ல தேடுததே வேண்டாம். வெப்சைட்டுன்னா பேங்குகள் எல்லாத்தையும் டாட் பேங்க் டாட் இன்-னு முடியுத முகவரிக்கு மாறச் சொல்லி ரிசர்வ் பேங்க் 2025 அக்டோபர் வரைக்கும் கெடு குடுத்துச்சு, அந்த முடிவு வேற எவனுக்கும் கிடைக்காது, அதனால கடைசி எழுத்தப் பாத்துட்டு உள்ள போங்க. பேங்க்ல இருந்து வார போன் 1600-ல தொடங்குத நம்பரா இருக்கணும்னு கொண்டு வந்திருக்காங்க, சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பர்ல இருந்து "பேங்க் மேனேஜர் பேசுதேன்"னா வச்சுருங்க. வச்சதுக்காக எந்த மேனேஜரும் கோவிச்சுக்கிட மாட்டாரு, அவருக்கு உங்களுக்குப் போன் பண்ண நேரமே கிடையாது.

பின் நம்பரு துட்டு குடுக்கத்தான், வாங்க இல்ல. இத மட்டும் எங்க கடையில பெருசா எழுதி ஒட்டியிருக்கேன். கூகுள்பேயோ போன்பேயோ எதுன்னாலும், வார துட்டுக்கு பின் கேட்டா அது வார துட்டு இல்ல.

வாட்சப்புல ஏபிகேன்னு முடியுத ஃபைல் வந்தா தொடாதீங்க, அது போன்ல ஆப்ப ஏத்துத ஃபைலு. கேஒய்சி (பேங்க் கேக்குத அடையாள, விலாச விவரம்), டிராபிக் அபராதம், பிஎம் கிசான், கல்யாணப் பத்திரிக்கைன்னு எந்த வேசத்துலயும் வரும், தெரிஞ்ச ஆளு நம்பர்ல இருந்தும் வரும், ஏன்னா அவரு போனு ஏற்கெனவே போயிருக்கும். ஏத்திட்டீங்கன்னா உங்க ஓடிபி மெசேஜ் எல்லாம் அவனுக்கும் போவும். கேஒய்சிய பத்தி ஒரு வார்த்த, விலாசம் மாறலன்னா "ஒண்ணும் மாறல"ன்னு நீங்களே எழுதிக் குடுத்தாலே போதும்னு ரிசர்வ் பேங்க் சொல்லுது, அதுக்கு லிங்கும் வேண்டாம் ஆப்பும் வேண்டாம்.

ஏடிஎம் கார்டுல ஆன்லைன், வெளிநாட்டு பரிவர்த்தனைய ஆப்லயே அணைச்சு வைக்கலாம், தேவைப்படும்போது போட்டுக்கலாம், கரண்டு சுவிட்சு மாதிரி. எவனாவது கூரியர் பேருல நட்சத்திரம் 21 போட்டு ஒரு நம்பர அடிக்கச் சொன்னா அடிக்காதீங்க, உங்களுக்கு வார போன் அவனுக்குத் திரும்பிரும். அடிச்சுட்டீங்கன்னா ##002# அடிச்சா எல்லா திருப்பிவிடலும் ரத்தாயிரும். திடீர்னு சிம்முல சிக்னலே இல்லாமப் போயி, பக்கத்துல அதே கம்பெனி சிம்மு வச்சிருக்கவங்களுக்கு இருந்தா, டவர் பிரச்சனன்னு படுத்துத் தூங்காதீங்க, கம்பெனி கடைக்குப் போயி உங்க நம்பர்ல வேற சிம்மு வாங்கியிருக்கானான்னு கேளுங்க.

கிராமத்துல நூறு நாள் வேல சம்பளம், பென்சன் எல்லாம் கைரேக வச்சு எடுப்பாங்கள்லா. அங்க மெஷினுல ரேக வச்சதும் எவ்வளவு எடுத்தாங்கன்னு சீட்டு வாங்கணும். "விழல, இன்னொரு தடவ வை"ன்னு சொன்னா மொத தடவைக்கு மெசேஜ் வந்திருக்கான்னு பாத்துட்டு வைங்க. கைரேகையில துட்டு எடுக்குற பழக்கமே இல்லாதவங்க எம்ஆதார் ஆப்ல பயோமெட்ரிக்க லாக் பண்ணிருங்க, ரெண்டு நிமிச வேல, வேணும்னும்போது தொறந்துக்கலாம், சந்தேகம்னா ஆதார் ஹெல்ப்லைன் 1947.

வீடியோ கால்ல போலீஸ் சட்ட போட்டுக்கிட்டு "உங்கள டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியாச்சு"ன்னு மெரட்டி துட்டு கேக்குதவன பத்தி என்ன சொல்ல, அப்பிடி ஒரு அரெஸ்டே சட்டத்துல கிடையாது. பாளையங்கோட்டை பக்கம் ரிட்டையர் ஆனவங்க நெறையப் பேரு தனியா இருக்காங்க, பிள்ளைய வெளிநாட்டுல, அவங்களுக்கு யாராவது ஒரு தடவ எடுத்துச் சொல்லுங்க.

பெரியம்மையோட 5,000 பத்தொம்பதாவது நாள் வந்துச்சு, கூடவே தனியா 1,400 ரூவா ஏறியிருந்துச்சு, பதினாலு நாள் தாமதத்துக்கு. எனக்கு அவ்வளவு சந்தோசம். பெரியம்ம மெசேஜத் தூக்கிக்கிட்டு பாலத்தத் தாண்டி வேர்க்க விறுவிறுக்க கடைக்கு வந்துட்டாவ.

"ஏல, எவனோ 1,400 ரூவா மாத்திப் போட்டுட்டான் போலருக்கு, அத்தானுக்கு முடக்குன மாதிரி எனக்கும் முடக்கிருவான்லா? யாருக்குப் போன் பண்ணித் திருப்பிக் குடுக்க?"

"யாருக்கும் போன் பண்ணாதீங்க பெரியம்ம"ன்னு சொல்லி மொதல்ல போன கையில இருந்து வாங்கி வச்சேன்.